புதுப்பித்த என்ஜின் ஏன் திணறுகிறது?

ஏடிவி வண்டியின் கோளாறைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

நான்கு பருத்த சக்கரங்கள், மோட்டார் சைக்கிள் போன்ற கைப்பிடி, கட்டைவிரலால் அழுத்தும் த்ராட்டில். ஏடிவி என்று அழைக்கப்படும் இந்த வண்டி நம் இளைஞர்களுக்குப் புதிதல்ல. கம்போங் கெமென்சாவின் ஆற்றோரப் பாதைகளில் வார இறுதிகளில் வாடகைக்கு எடுத்து ஓட்டியவர்கள் பலர். அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் என்ஜினின் உடன்பிறப்புதான். கப்சாய் மோட்டாரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு இந்த என்ஜின் அந்நியமாகத் தோன்றாது.

வண்டியின் வேகம் போதவில்லை என்று நினைப்பவர்கள் என்ஜினைப் பிரித்துப் பெரிய பிஸ்டன், கூர்மையான கேம்ஷாஃப்ட், திறந்த காற்று வடிகட்டி, புதிய புகைக்குழாய் எனப் பொருத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவாகிறது. கடைசியில் என்ஜின் உயிர் பெறுகிறது. ஆனால், சீராக ஓட மறுக்கிறது. தானாக நின்றுவிடுகிறது, த்ராட்டிலைத் திறந்தால் மூச்சுத் திணறுகிறது, புகைக்குழாயில் படபடவென வெடிக்கிறது.

இந்த நேரத்தில் பலரும் செய்வது ஒன்றே. சந்தேகப்படும் பாகத்தை மாற்றுவார்கள். சரியாகாவிட்டால் அடுத்த பாகத்தை மாற்றுவார்கள். இப்படிச் செய்தால் பணம் கரைவதோடு, தொடக்கத்தில் இருந்த ஒரு கோளாறு இரண்டு, மூன்றாகவும் பெருகிவிடும். பாகத்தை மாற்றுவது வேறு, கோளாறைக் கண்டுபிடிப்பது வேறு. இரண்டாவதைக் கற்றுக்கொள்வதே திறமையான மெக்கானிக்காவதற்கான வழி.

என்ன மாறியது என்று கணக்குப் பாருங்கள்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஹோண்டா நிறுவனம் 1999ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட டிஆர்எக்ஸ்400இஎக்ஸ் விளையாட்டு வகை ஏடிவிகளில் புகழ் பெற்றது. அதன் சிலிண்டர் விட்டம் 85 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 70 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் காணும் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 397 சிசி வரும்.

இப்போது சிலிண்டரைக் கடைந்து 89 மில்லிமீட்டர் பிஸ்டனைப் போடுகிறோம். கன அளவு ஏறக்குறைய 435 சிசி ஆகிவிடும். விட்டம் 4 மில்லிமீட்டர் மட்டுமே கூடினாலும், விட்டத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால் கொள்ளளவு கிட்டத்தட்ட 10 விழுக்காடு உயர்கிறது. எரியறையின் அளவு மாறாமல் இருந்தால்கூட, 9.1க்கு 1 என்றிருந்த அழுத்த விகிதம் 9.9க்கு 1 என்ற அளவை எட்டும். தலை மேடாக உள்ள பிஸ்டனைப் போட்டால் 11ஐயும் தாண்டலாம்.

ஆக, என்ஜின் இழுக்கும் காற்றின் அளவு கூடியிருக்கிறது. அந்தக் காற்றுக்கேற்ற பெட்ரோல் வேண்டும். கேம்ஷாஃப்ட் மாறியதால் வால்வுகள் திறந்து மூடும் நேரம் மாறியிருக்கிறது. சிலிண்டர், ஹெட், கார்புரேட்டர், காந்தச் சக்கரம் ஆகிய அனைத்தும் கழற்றி மாட்டப்பட்டுள்ளன. புதுப்பித்த என்ஜினில் கோளாறு வந்தால், அது புதிதாக மாற்றிய இடத்திலோ, மாற்றும்போது கைபட்ட இடத்திலோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். எனவே, மாற்றியவற்றையும் கழற்றியவற்றையும் முதலில் ஒரு தாளில் பட்டியலிடுங்கள். தேட வேண்டிய எல்லை அப்போதே பாதியாகக் குறைந்துவிடும்.

அறிகுறிகளை எழுதுங்கள்

“என்ஜின் சரியாக ஓடவில்லை” என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மருத்துவரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் அடுத்த கேள்வி கேட்பார் அல்லவா? அதே கேள்விகளை என்ஜினிடமும் கேட்க வேண்டும்.

சூடாவதற்கு முன்பு திணறுகிறதா, சூடான பின்பா? த்ராட்டிலைத் தொடாமல் விட்டிருக்கும்போதா, கால் பங்கு திறக்கும்போதா, முழுமையாகத் திறக்கும்போதா? த்ராட்டிலை விட்டதும் சுற்று வேகம் உடனே இறங்குகிறதா, சற்று நேரம் மேலேயே நின்று பிறகு இறங்குகிறதா? மேடு ஏறும்போது உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை கேட்கிறதா? புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா?

இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் குறிப்பேட்டில் இருந்தால், பட்டறையில் இருக்கும் அனுபவசாலியிடம் கேட்டாலும் அவர் பாதி வழி வரை உங்களை உடனே அழைத்துச் சென்றுவிடுவார்.

எளியதில் தொடங்குங்கள்

என்ஜின் வெளியே கிடந்த வாரங்களில் தொட்டியில் இருந்த பெட்ரோல் பழையதாகியிருக்கும். அதைக் காலி செய்துவிட்டுப் புதிய பெட்ரோலை ஊற்றுங்கள். தொட்டி மூடியின் காற்றுக் குழாய் மடங்கி அடைபட்டிருந்தால், சில நிமிடம் ஓடிய பிறகு பெட்ரோல் இறங்காமல் என்ஜின் நின்றுவிடும். இதைக் கவனிக்காமல் கார்புரேட்டரைப் பலமுறை கழற்றுபவர்கள் உண்டு.

கார்புரேட்டர் வெறுமனே கிடந்தபோது எஞ்சியிருந்த பெட்ரோல் காய்ந்து பிசினாகி, ஊசித்துளை போன்ற பைலட் ஜெட்டை அடைத்திருக்கலாம். சோக் போட்டால் மட்டுமே ஓடும், சோக்கை எடுத்தால் அணைந்துவிடும் என்ற நிலைக்கு இது அடிக்கடி காணப்படும் காரணம். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிடும். சுத்தம் செய்யும் திரவத்தைத் தெளித்து, அழுத்தக் காற்றால் ஊதினால் போதும்.

பெட்ரோலின் ரகமும் முக்கியம். ரோன் என்ற எண் பெட்ரோலின் சக்தியைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அழுத்தத்தில் தானாகத் தீப்பற்றாமல் தாக்குப்பிடிக்கும் திறனையே அது குறிக்கிறது. அழுத்த விகிதத்தை உயர்த்திய, காற்றால் குளிரும் என்ஜினில் நம் வெயிலுக்கு ரோன் 95 போதாமல் போகலாம். மேடு ஏறும்போது தட்டும் ஓசை கேட்டால், த்ராட்டிலை உடனே தளர்த்துங்கள். பிறகு ரோன் 97 ஊற்றிச் சோதித்துப் பாருங்கள். சிங்கப்பூர் வாசகர்கள் ரோன் 98 ஊற்றலாம். ஓசை மறையாவிட்டால் அதே நிலையில் தொடர்ந்து ஓட்டக் கூடாது. அந்த ஓசை பிஸ்டனின் தலையையும் வளையங்களையும் உடைக்கும் வல்லமை கொண்டது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

சிலிண்டருக்குள் நடப்பதைக் கண்டு வந்து சொல்லும் சாட்சி ஸ்பார்க் பிளக். அதன் முனையில் உள்ள பீங்கான் இளம் பழுப்பு நிறத்தில் இருந்தால் எரிப்பு நன்றாக இருக்கிறது. கரி படிந்து காய்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். பளபளக்கும் எண்ணெய்ப் பசை இருந்தால், வளையம் அல்லது வால்வு சீல் வழியாக என்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்துப்போய் கொப்புளம் விட்டதுபோல் இருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு மீறுகிறது என்று பொருள்.

இவற்றில் எது ஆபத்தானது? பெட்ரோல் அதிகமானால் என்ஜின் புகைக்கும், பிளக் நனையும், வேகம் குறையும். பெட்ரோல் குறைந்தால், அதாவது கலவை மெலிந்தால், வண்டி சில சமயம் நன்றாக ஓடுவது போலவே தோன்றும். ஆனால் உள்ளே வெப்பம் ஏறிப் பிஸ்டனில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் வெள்ளைப் பிளக்கைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. புதிய பிளக்கில் நிறம் படியச் சிறிது நேரம் ஆகும். ஐந்து நிமிட ஓட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

திருட்டு வழியில் நுழையும் காற்று

கார்புரேட்டரையும் சிலிண்டர் ஹெட்டையும் ஒரு ரப்பர் குழாய் இணைக்கிறது. அது வெடித்திருந்தாலோ, அதன் ஓ-வளையம் நசுங்கியிருந்தாலோ, கவ்வி சரியாக இறுகாமல் இருந்தாலோ, கார்புரேட்டர் அளந்து கொடுக்காத காற்று உள்ளே புகுந்துவிடும். த்ராட்டிலை விட்ட பிறகும் சுற்று வேகம் மேலேயே தொங்கி நிற்பது இதன் முக்கிய அடையாளம்.

என்ஜின் மெதுவாக ஓடும்போது, அந்த இணைப்பின் மீது தண்ணீரைத் தூறலாகத் தெளித்துப் பாருங்கள். ஓசை மாறினால் கசிவு அங்கேதான். சிலர் கார்புரேட்டர் சுத்தம் செய்யும் திரவத்தைத் தெளிப்பார்கள். அது தீப்பற்றும் பொருள், சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

கார்புரேட்டரைத் திருத்துவதற்கு முன்பே இந்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும். கசிவு இருக்கும்போதே பெட்ரோலைக் கூட்டினால் கோளாறு மறையும், ஆனால் தீராது. ரப்பர் இன்னும் கொஞ்சம் வெடித்ததும் எல்லாக் கணக்கும் மீண்டும் தவறிவிடும்.

வால்வு, கேம், தீப்பொறி நேரம்

வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர் அளவில் ஓர் இடைவெளி இருக்க வேண்டும். சரியான எண்ணை உங்கள் என்ஜினின் பராமரிப்புக் கையேட்டிலும், கேம் மாற்றியிருந்தால் கேம் தயாரிப்பாளரின் தாளிலும் பாருங்கள். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுமையாக மூடாது, அழுத்தம் கசியும், வால்வு கருகும். என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். புதிதாகத் தேய்த்த வால்வுகள் ஓட ஓட இருக்கையில் அமர்வதால், முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் மறுபடியும் அளப்பது அவசியம்.

அடுத்தது கேம் சங்கிலி. கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும். கேம் பல்சக்கரத்தில் 36 பற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சங்கிலியை ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினால் கேமில் 10 பாகை, கிராங்கில் 20 பாகை தவறும். என்ஜின் கிளம்பக்கூடும், ஆனால் எந்த வேகத்திலும் இயல்பாக ஓடாது. தவறு இன்னும் கூடினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஆகவே, பூட்டியதும் என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

காந்தச் சக்கரத்தைக் கழற்றியிருந்தால், அதன் சிறிய சாவித்துண்டையும் பாருங்கள். அது சற்று நறுங்கியிருந்தாலும் தீப்பொறி விழும் நேரம் பிசகிவிடும். டைமிங் விளக்கு இருந்தால் இதைப் பிரிக்காமலேயே கண்டுபிடிக்கலாம்.

அழுத்தத்தை அளவிடுங்கள்

பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, த்ராட்டிலை முழுமையாகத் திறந்து வைத்து, முள் ஏறுவது நிற்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். கழற்றிய பிளக்கை அதன் மூடியில் மாட்டி, துளையிலிருந்து தள்ளி உலோகத்தில் தொட்டபடி வையுங்கள். அளவு குறைவாக இருந்தால், ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலைச் சிலிண்டருக்குள் விட்டு மீண்டும் சோதியுங்கள். அளவு நன்றாக உயர்ந்தால் வளையங்கள் சரியாக அடைக்கவில்லை. உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் வேகக் கேம், உள்வால்வைத் தாமதமாக மூடும். அதனால் ஸ்டார்ட்டரால் சுழற்றும்போது கிடைக்கும் அளவு, நல்ல என்ஜினிலும் குறைவாகவே இருக்கும். சில என்ஜின்களில், எளிதாகக் கிளம்புவதற்காக அழுத்தத்தைத் தானாகத் தணிக்கும் அமைப்பும் உண்டு. எனவே, எண்ணைப் பார்த்ததும் பதறிப்போய் என்ஜினை மீண்டும் பிரிக்க வேண்டியதில்லை.

சந்தேகம் நீடித்தால் கசிவுச் சோதனை செய்யலாம். பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, கிராங்க் சுழலாதபடி பூட்டிவிட்டு, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். சீறும் ஓசை புகைக்குழாயில் கேட்டால் வெளிவால்வு, கார்புரேட்டரில் கேட்டால் உள்வால்வு, என்ஜின் ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் வளையம். கோளாறு எங்கே என்பதைக் காதே சொல்லிவிடும்.

கடைசியில்தான் கார்புரேட்டர்

மேலே சொன்னவை அனைத்தும் சரியாக இருந்தால்தான் ஜெட்டுகளைத் தொட வேண்டும். கார்புரேட்டரின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி எல்லை உண்டு. த்ராட்டில் மூடியிருப்பது முதல் கால் பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட்டும் கலவைத் திருகும் ஆட்சி செய்கின்றன. கால் முதல் முக்கால் வரை ஊசியின் பங்கு. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று சற்றுக் கலந்திருக்கும்.

த்ராட்டில் நெம்பின் அருகே சிறு ஒட்டுநாடாவில் கால், அரை, முக்கால் எனக் குறியிட்டுக்கொண்டு, திறந்த, பாதுகாப்பான இடத்தில் ஓட்டிப் பாருங்கள். திணறல் எந்தக் குறியில் வருகிறதோ, அந்தப் பகுதிக்கு உரிய பாகத்தை மட்டும் திருத்துங்கள். திணறும் இடத்தில் சோக்கைச் சற்றுப் போட்டதும் என்ஜின் தெளிந்தால் கலவை மெலிவு, இன்னும் மோசமானால் கலவை செறிவு. ஊசியின் கிளிப்பை ஒரு படி கீழே இறக்கினால் ஊசி மேலே எழும்பிப் பெட்ரோல் கூடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதை எழுதுங்கள், ஓட்டுங்கள், பலனை எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று சொல்லவே முடியாது. அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைக்கச் சொல்லிக் கற்பித்தார்களே, அதே விதிதான் இது.

இடமும் கணக்கில் சேரும். கடல் மட்டத்தில் சரியாக அமைத்த வண்டியை 1,500 மீட்டர் உயரமுள்ள கேமரன் மலைக்குக் கொண்டுபோனால், அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடுவதால் என்ஜின் மந்தமாகும். இது பழுதல்ல, அமைப்பின் வேறுபாடு.

தவறான வரிசை என்ன செய்யும்?

புதுப்பித்த 400 சிசி என்ஜின் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். த்ராட்டிலைத் தொடாதபோது சுற்று வேகம் ஏறி இறங்குகிறது. பிளக் வெள்ளையாக இருக்கிறது. “பெட்ரோல் போதவில்லை” என்று முடிவு செய்து ஒருவர் மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்குகிறார். ஏற்ற இறக்கம் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அந்த நிலையில் மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லையே. மாறாக, முழு வேகத்தில் இதுவரை நன்றாக ஓடிய என்ஜின் இப்போது பெட்ரோலில் மூழ்கித் திணறுகிறது. அடுத்து, தீப்பொறி பலவீனம் என்று நினைத்து மின்சுருளை மாற்றுகிறார். அதுவும் பயனில்லை.

உண்மையான காரணம், ரப்பர் குழாயில் நசுங்கிப்போன ஓ-வளையம். அதன் விலை சில ரிங்கிட்தான். தண்ணீர் தெளிக்கும் சோதனையை முதலில் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

எது கோளாறு, எது இயல்பு?

வேகக் கேம் போட்ட என்ஜின் மெதுவாக ஓடும்போது குதித்துக் குதித்து ஓடுவது இயல்பு. உள்வால்வும் வெளிவால்வும் சற்று நேரம் ஒன்றாகத் திறந்திருப்பதால், குறைந்த வேகத்தில் புதுக்காற்றும் புகையும் கலந்துவிடுகின்றன. வேகம் கூடியதும் அந்தக் குதிப்பு மறைந்து இழுவை வந்துவிட்டால், அங்கே திருத்துவதற்கு எதுவும் இல்லை. இணைப்பில் கசியும் புகைக்குழாயும் த்ராட்டிலை விடும்போது படபடக்கும். கேஸ்கெட்டை மாற்றினால் போதும், கார்புரேட்டர் மீது பழி போட வேண்டாம்.

பாதுகாப்பை மறக்காதீர்கள்

என்ஜினை மூடிய அறைக்குள் ஓட்டிச் சோதிக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைப் பறித்துவிடும். பெட்ரோல் கையாளும் இடத்தில் தீயணைப்புக் கருவி இருக்கட்டும். ஓட்டிப் பார்க்கும்போது தலைக்கவசம், கையுறை, காலணி கட்டாயம். மாணவர்கள் அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே இந்த வேலைகளைச் செய்ய வேண்டும்.

இந்தப் பழக்கம் எங்கே கைகொடுக்கும்?

எஸ்.பி.எம். முடித்துவிட்டு மோட்டார் வாகனத் துறையை நினைத்துப் பார்க்கும் மாணவர்களுக்குக் கியாட் மாரா மையங்கள், தொழிற்பயிற்சிக் கழகங்கள் எனப் பல வாசல்கள் திறந்திருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் 1, 2, 3 என மூன்று நிலைகளைக் கொண்டது. அதற்கு மேல் நான்காம் நிலையில் திறன் டிப்ளோமாவும், ஐந்தாம் நிலையில் உயர்நிலை டிப்ளோமாவும் உண்டு. சிங்கப்பூரில் தொழில்நுட்பக் கல்விக் கழகம் இதே துறையில் பயிற்சி தருகிறது.

இனிவரும் வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் மின்னணுப் பெட்ரோல் தெளிப்பானும் மின்கலமும் இருக்கும். கருவிகள் மாறும், ஆனால் வேலை செய்யும் முறை மாறாது. மாறியது என்ன என்று கேட்பது, அறிகுறியை எழுதுவது, எளியதில் தொடங்குவது, அளந்து பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. வாடிக்கையாளர் பணத்தை வீணாக்காமல் கோளாறை நேராகச் சுட்டிக்காட்டும் மெக்கானிக்கைத் தேடி ஊரே வரும்.

வீட்டில் ஒரு பழைய கப்சாய் சும்மா நிற்கிறதா? அப்பாவிடமோ மாமாவிடமோ அனுமதி கேளுங்கள். ஒரு குறிப்பேட்டையும் ஒரு ஃபீலர் கேஜையும் வாங்கிக்கொண்டு, அடுத்த பள்ளி விடுமுறையில் அதிலிருந்தே தொடங்கலாம்.